திரும்பிப் பார்க்கும் கோவேறு கழுதை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறார். இருக்கட்டும். அவருக்குப் பொறுமை ஜாஸ்தி, எனக்குக் கோபம் ஜாஸ்தி, இரண்டையும் வைத்துக்கொண்டு முப்பத்துநாலு வருஷமாக ஒரு பட்டறையை ஓட்டிவிட்டோம். பித்தளையில் பேட்ஜ், பதக்கம், முத்திரை, வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை எல்லாம் செய்வோம். செதுக்குவது நான். அச்சில் அடித்து, ஓரம் தேய்த்து, மெருகு போடுவது அவர். பேசுகிற வேலை முழுவதும் என்னுடையது என்பார். அதுவும் ஒரு வேலைதானே, யாராவது பார்க்க வேண்டாமா?

அந்த அம்மா வந்தது ஒரு மத்தியான நேரத்தில். பஸ் கண்டக்டர் சீருடை, தோளில் தோல்பை, விரல் நுனியெல்லாம் டிக்கெட் மை. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள். நான் என் வழக்கப்படி, "உள்ள வாங்கம்மா, நிறைய எடம் இருக்கு, டிக்கெட் எல்லாம் கேக்க மாட்டேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து ஒரு தொப்பி பேட்ஜை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கயிற்று வளையத்துக்குள், தொப்பியின் பின்பக்கம் பார்த்து நடக்கும் ஒரு கோவேறு கழுதை. ஊர் ஓரத்தில் முகாம் போட்டிருக்கும் மலைப்படையின் சின்னம். இந்தப் பட்டறையில் நான் செதுக்கிய அச்சில் அடித்தது. மலைமேல் காயம்பட்டுக் கிடப்பவர்களைக் கயிறு கட்டி இறக்கி, கழுதைமேல் ஏற்றிக் கீழே கொண்டுவருவதுதான் அந்தப் படையின் வேலை. எந்த விருந்திலும் எந்த விளையாட்டுப் போட்டியிலும் மற்ற படைக்காரர்கள் அவர்களைக் கழுதைகள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களும் மீசையைத் தடவிக்கொண்டு, ஆமாம் என்பார்கள்.

பேட்ஜ் அவளுடைய மகனுடையது. இருபத்துநாலு வயது. நாலு மாதத்துக்கு முன்னால், விடாத மழையில், எட்டுப் பேர் ஒரு சரிவிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டும் முன் இவன் திரும்பிப் பார்த்து எண்ணியிருக்கிறான். தன்னையும் சேர்த்து ஏழுதான் வந்தது. மறுபடி மேலே ஏறி, கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்த எட்டாமவனைக் கழுதைமேல் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டான். கழுதையும் அந்தப் பையனும் வந்து சேர்ந்தார்கள். மண் சரிந்ததில் இவன் வரவில்லை. இதையெல்லாம் அவள் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னாள். நான் உட்காரச் சொன்னதுகூடக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

படைக் கல்லறைத் தோட்டத்தில் கல் நட்டாகிவிட்டது. கல்லில் பதிக்கும், படைச் சின்னம் செதுக்கிய உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு எங்கள் பட்டறையிலிருந்துதான் போக வேண்டும். கல்லுக்கென்று தகடு கேட்டு எங்களிடம் வந்தது அதுதான் முதல் தடவை. உத்தரவு ஏற்கெனவே வந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தகட்டைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தாள்.

"அக்கா, அதுல இருக்கற கழுதையை முன்னாடி பாக்கற மாதிரி செதுக்கித் தரணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

அவளே தொடர்ந்தாள்.

"இருபத்தாறு வருஷமா ஜனங்களைப் பாத்து முன்னாடி போங்க, முன்னாடி போங்கன்னு கத்தறவ நான். எம்பிள்ளைக்கு மட்டும் யாரோ திரும்பிப் பாருன்னு சொல்லிக் குடுத்திட்டாங்க. இந்தக் கழுதை திரும்பிப் பாக்கலைன்னா அவன் பாலத்தைத் தாண்டியிருப்பான். கல்லுலயாவது அவன் முன்னாடி பாத்துப் போகட்டும்."

முகாம் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாளாம். ஒரு ஆளுக்காகப் படையின் சின்னத்தை மாற்ற முடியாது என்று எழுத்தர் சொல்லிவிட்டாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சின்னம் என்றால் அப்படித்தான். வாலின் நீளம் ஒரு மயிரிழை கூடினால்கூடத் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அவள் கேட்டபோது நான் குனிந்து உளிகளை அடுக்க ஆரம்பித்ததற்குக் காரணம் எழுத்தர் இல்லை. அந்தக் கழுதையைத் திரும்பிப் பார்க்க வைத்தது யார் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவர் பின்கட்டில் மெருகுச் சக்கரத்தை நிறுத்திவிட்டு மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் படையைப் புதிதாக அமைத்தபோது, முதல் தளபதி தன் கையாலேயே சின்னத்தை வரைந்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பெரிய மனிதர், ஆனால் கழுதையை அழகாக வரைந்திருந்தார். சுமையை மறுக்காது, சரிவில் கால் இடறாது, யார் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் கவலைப்படாது, அதனால்தான் கழுதை என்று என் வீட்டுக்காரரிடம் விளக்கம் சொன்னாராம். சுற்றியிருக்கும் கயிறு, ஆளை இறக்கும் கயிறு. தொப்பியின் இடது பக்கத்தில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் அது. அதனால் படத்தில் கழுதை இடது பக்கம் பார்த்து நடந்தது. அப்படி இருந்தால்தான் குத்தியிருப்பவனுடைய நெற்றி போகும் திசையில் கழுதையும் போகும்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ரப்பர் முத்திரையும் பித்தளை முத்திரையும்தான் அதுவரை செதுக்கியிருந்தேன். எல்லாம் எழுத்து. எஃகு அச்சில் நாம் எப்படிச் செதுக்குகிறோமோ, அடிக்கும்போது அது இடம் வலமாக மாறி விழும். அதனால் எழுத்துகளை இடம் வலமாகப் படிக்கிற அளவுக்குத் திருப்பிச் செதுக்கிப் பழகியிருந்தேன். எழுத்தைப் பார்த்தால் என் கை தானாகவே திரும்பிக்கொள்ளும். இந்தப் பேட்ஜில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. வெறும் கழுதை, வெறும் கயிறு. கை ஏமாந்துவிட்டது. படத்தில் இருந்தபடியே கண்ணும் கருத்துமாக ஒன்பது நாள் உட்கார்ந்து செதுக்கினேன். காது மடலில் மயிர்கூடத் தெரியும்.

நானூற்றிருபது பேட்ஜும் அடித்து, மெருகு போட்டு, தகரப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. மேலே வைப்பதற்காகப் படத்தை எடுத்தபோதுதான் பார்த்தேன். படத்தில் ஒரு கழுதை, பெட்டியில் ஒரு கழுதை, சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. மறுநாள் காலை அணிவகுப்பு. புது அச்சுக்கு இன்னும் ஒன்பது நாள் வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மனுஷன் பொழுது விடிந்ததும் படத்தை என்னிடமே விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தளபதி பேட்ஜைத் தொப்பியில் வைத்துப் பார்த்துவிட்டு, இது ஏன் பின்னால் பார்க்கிறது என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் வாழ்நாளில் பொய் சொல்லத் தெரியாதவர். வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னால்கூட, இல்லை என்று சொல்லச் சொன்னாள் என்பார். அப்படிப்பட்டவர் அன்று என்ன சொன்னார் தெரியுமா?

"ஐயா, இது காயம்பட்டவங்களைக் கொண்டு வர்ற படை. யாரையாவது விட்டுட்டு வந்தமான்னு திரும்பிப் பாக்குது."

தளபதி பேட்ஜைத் தொப்பியில் குத்திக்கொண்டாராம். பிறகு, இப்படியே இருக்கட்டும் என்றாராம். இவர் வீட்டுக்கு வந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு எனக்குச் சொன்னார். நான் முதலில் சிரித்தேன், பிறகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து தனியாக இருக்கும்போது என்னைக் கழுதை என்று கூப்பிடுவார். வேறு எந்த ஆம்பிளையாவது கூப்பிட்டிருந்தால் நடக்கிறதே வேறு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த ஒரு வாக்கியம் முகாம் வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. புதிதாகச் சேருகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் ஒவ்வொருவனும் ஒரு முறை திரும்பிப் பார்த்து எண்ண வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் படை பிறந்த நாளில் தளபதிகள் மாறினார்கள், கதை மாறவில்லை. எங்களை இரண்டாவது வரிசையில் உட்கார வைப்பார்கள். கதை வரும் இடத்தில் என் வீட்டுக்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்வார்.

கண்டக்டரம்மா போன பிறகு நான் உளியைத் தொடவில்லை. அவரிடம் போய், உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். சொல்லாதே என்றார் முதலில். அந்தப் படையில் இத்தனை பேர் எதை நம்பித் தொப்பி போடுகிறார்களோ, அதில் போய் மண்ணை அள்ளிப் போடாதே என்றார். நான் விடவில்லை. உங்களுக்கென்ன, நல்ல வாக்கியம் சொன்னவர், தப்பு செதுக்கியவள் நான்தானே என்று எரிந்து விழுந்தேன். அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"உனக்குத் தலைகுனிவு வரக்கூடாதுன்னுதான் அன்னைக்கு வாயில வந்ததைச் சொன்னேன். ஒரு பையன் அதை நம்பி மேல ஏறுவான்னு எனக்குத் தெரியாதும்மா."

இவ்வளவு காலம் இதை நான் மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மடைச்சி நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துணியை வாங்கி வைத்தேன். மறுநாள் இரண்டு பேருமாகவே முகாமுக்குப் போனோம்.

இப்போதைய தளபதிக்கு நாற்பது வயதிருக்கும். மேஜைமேல் முதல் தளபதியின் படத்தை விரித்து, பக்கத்தில் அந்த அம்மா விட்டுப்போன பேட்ஜை வைத்து, ஒளிக்காமல் மறைக்காமல் சொன்னேன். நடுவில் இரண்டு முறை என் வீட்டுக்காரர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தார். சும்மா இருங்க என்று அதட்டினேன். தளபதி படத்தையும் பேட்ஜையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒப்பந்தம் போச்சு, மரியாதையும் போச்சு என்று நான் எழுந்திருக்கத் தயாரானேன்.

அவர் கோபப்படவில்லை. இதை ரொம்ப நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். பிறகு படத்தின் கீழிருந்த கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். இதுவும் இந்தப் படையின் சின்னம்தான், எங்கள் முதல் தளபதியே கையெழுத்துப் போட்டது, அதனால் இதன்படி ஒரு தகடு செய்தால் எந்த எழுத்தரும் மறுக்க முடியாது என்றார். அப்போதே அனுமதி எழுதிக் கொடுத்தார். சுவரில் எழுதியிருப்பதை என்ன செய்வீர்கள் என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அது இருக்கும் பெரியவரே. அதைப் பாத்து ஆளுங்களை எண்ணி இதுவரைக்கும் எத்தனை பேர் உயிரோட வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு எங்கிட்ட பட்டியல் இருக்கு. தப்பா வந்ததுன்னு வரலாற்றுல எழுதறேன். அழிக்க மாட்டேன்."

எழுதும்போது உங்கள் பெயரைப் போடலாமா என்று என்னைக் கேட்டார். கழுதை பெயரே போதும் என்றேன். அவ்வளவு நேரத்துக்கு அப்போதுதான் அவர் கொஞ்சம் சிரித்தார்.

தகட்டை நாலு நாளில் முடித்தேன். ஒற்றைத் தகடு என்பதால் அச்சு கிடையாது, பித்தளையிலேயே நேராகச் செதுக்குவது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து அந்தக் கழுதை இடது பக்கம் பார்த்தது. சரியாகச் செய்துவிட்டேன் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையே. சொல்லாமலே தகட்டைக் கொடுத்துவிட்டால் அவள் கும்பிட்டுவிட்டுப் போவாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நான் எங்கே போய் முகம் கழுவுவது?

சொன்ன நாளில் வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள். தகட்டை மடியில் வைத்துத் தடவினாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"முதல்ல நான் சொல்றதைக் கேளு தங்கச்சி. அந்தக் கழுதை திரும்பிப் பாக்கறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. நான் பண்ணின தப்பு அது. அச்சைத் திருப்பிச் செதுக்காம விட்டுட்டேன். அர்த்தமெல்லாம் அப்புறம் சொன்னது. உன் பிள்ளை போனதுக்கு நான்தான் காரணம்னு நினைச்சா, நினைச்சுக்கோ. நான் இங்கதான் இருக்கேன்."

படத்தைக் காட்டினேன். எஃகு அச்சை எடுத்துக் காட்டினேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் தகட்டை மேஜைமேல் வைத்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவளோ பேட்ஜைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்கட்டில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே இருந்தார். வெளியே இரண்டு பஸ் போயிற்று.

"அப்ப இதுல ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அப்ப அவன் இதைப் பாத்துத் திரும்பல."

முகாமில் எல்லாருக்கும் சொல்லித் தருகிறார்கள், அவனுக்கும் சொல்லியிருப்பார்கள், பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல்.

"எண்ணச் சொல்லியிருப்பாங்க, அக்கா. எண்ணினா ஒருத்தன் குறையறான்னு எல்லார்கிட்டயும் சொல்லலாம். ஆள் அனுப்பச் சொல்லலாம். தனியா மேல ஏறிப் போன்னு எந்தக் கழுதை சொல்லிக் குடுத்துச்சு? அது அவனே செஞ்சது. சின்ன வயசுல பஸ் ஸ்டாண்டுல என் வண்டியிலருந்து இறங்கி ஸ்கூல் பஸ்ஸுல ஏறுவான். ஏறினவன் உள்ள போக மாட்டான். படியில நின்னு, என் வண்டி திரும்பற வரைக்கும் என்னையே பாத்துட்டிருப்பான். முன்னாடி பாரு, விழுந்துடுவடான்னு எத்தனை நாள் கத்தியிருக்கேன். கேட்டதே இல்ல."

அதுவரை ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தவளுக்கு அங்கே குரல் உடைந்தது. நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். தோல்பை நடுவில் குத்தியது. அதை யார் பார்த்தார்கள், இருவரும் அழுதோம். என் வீட்டுக்காரர் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு அவள் நான் செய்த தகட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள். பிறகு அதை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"ஆனா இது எம்பிள்ளை இல்ல, அக்கா. அவன் இந்தப் பக்கம் பாக்க மாட்டான். நாலு மாசமா இந்தக் கழுதையைத் திட்டிட்டே இருந்தேன். அவன் செஞ்சதை எல்லாம் தூக்கி இதுக்குக் குடுத்திட்டேன். அவன் எப்படி இருந்தானோ அப்படியே செதுக்கிடுங்க."

நான் அவளிடம், நிஜமாகவா, யோசித்துச் சொல், அனுமதி வாங்கியாகிவிட்டது, எதுவும் கெட்டுப்போகவில்லை என்றேன். அவள் யோசிக்கவில்லை. வேலை நேரம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இன்றைக்கு விடுப்பு போட்டிருக்கிறேன், முடியும் வரை உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டாள். உளியைப் பிடித்திருக்கும்போது யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் எனக்கு ஆகாது. பெற்ற தாயாக இருந்தாலும் விரட்டியிருப்பேன். அவளுக்கு முக்காலியை இழுத்துப் போட்டேன்.

புதுத் தகட்டை எடுத்து மேஜை இடுக்கியில் இறுக்கினேன். வலது பக்கம் பார்க்கும் கழுதையைத் தெரிந்தே நான் செதுக்குவது அதுதான் முதல் தடவை. கயிற்றை முடித்தேன், கால்களை முடித்தேன், பிடரிமயிரை முடித்தேன். தலைக்கு வந்தபோது அவள் முக்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாள். அவள் மூச்சு என் கையில் பட்டது.

"கண்ணை மட்டும் நல்லாத் திறந்து வைங்க, அக்கா. நான் எங்க நின்னாலும் அவனுக்குத் தெரியணும்."

கையிலிருந்த உளியைக் கீழே வைத்தேன். பிறகு இருப்பதிலேயே மெல்லிய உளியை எடுத்து, கண்ணைத் திறந்து வைத்தேன்.